புவியியல் படிப்பதால் என்ன பயன்?

மட்டக்களப்பிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் சென்ற வாரம் எனக்குக் கிடைத்தது. நீண்ட கடிதம். அதன் சாரத்தை மாத்திரம் இங்கே தருகிறேன்.

“என் மகள் ஒன்பதாம் தரத்திற் படிக்கிறாள். க. பொ. த. சாதாரண தரத்துக்குரிய விருப்பப் பாடங்களை விரைவில் தெரிவு செய்யவேண்டும். அவள் புவியியல்தான் படிக்கப்போகிறேன் என்று பிடிவாதமாய் நிற்கிறாள். அவளுடைய தகப்பனாரோ, ‘மலையின் பெயரையும் ஆற்றின் பெயரையும் மனனஞ் செய்து என்ன காணப்போகிறாய்? வணிகக் கல்வியை எடு. நாளைக்கு ஓர் உத்தியோகத்துக்கு உதவும்’ என்கிறார். ஒரு கிழமையாக வீட்டிலே இதே பேச்சு. இருவரும் இப்போது முகங்கொடுத்துப் பேசுவதும் குறைவு. தாங்கள் நெடுங்காலம் புவியியல் கற்பித்தவர் என்று இப்பகுதியிலே எழுதியிருந்தீர்கள். மறைக்காமற் சொல்லுங்கள். இந்தப் பாடத்தால் என்ன பயன்?”

சகோதரி, மறைக்காமலே சொல்கிறேன். தங்கள் கணவர் கூறுவது முற்றிலும் தவறன்று. மலையின் பெயரையும் ஆற்றின் பெயரையும் மனனஞ் செய்வதால் யாருக்கும் அதிக பயன் இல்லை. ஆனால் அவ்வாறு மனனஞ் செய்வது புவியியல் அன்று. புவியியல் என்பது அதுவே என்று உங்கள் கணவரைப் போன்ற பலர் எண்ணுவதற்குக் காரணம் என்னைப் போன்ற உபாத்தியாயர்களே. ஆகையால் முதலிலே என் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதன் பின்பு மறுமொழி கூறுகிறேன்.

நான் இட்ட பிழைக்குறி

1970களின் நடுப்பகுதியில் வடமராட்சிக் கரையோரத்திலுள்ள ஒரு வித்தியாலயத்தில் ஆசிரியராகச் சேர்ந்தேன். பட்டம் பெற்ற சூடு தணியாத வயது. தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் தயாரித்தபோது, “மே மாதம் முதல் செப்டெம்பர் மாதம் வரை இலங்கையில் வீசும் பருவக்காற்று யாது?” என்று ஒரு வினாவைக் கொடுத்திருந்தேன். “தென்மேற்குப் பருவக்காற்று” என்பது விடை. கடற்றொழிலாளர் குடும்பத்துப் பையன் ஒருவன் “சோழகம்” என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் பிழைக்குறி இட்டேன்.

விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று பையன் எழுந்து நின்றான்.

“சேர், தென்மேற்கிலை இருந்து வாற காத்தைத்தானே நாங்கள் சோழகம் எண்டுறனாங்கள்? சோழகம் பிறந்தால்தான் எங்கடை கடல் அடங்கும் எண்டு ஐயா சொல்லுறவர்.”

“புத்தகத்தில் உள்ளதை எழுது. கடற்கரைப் பேச்சைக் கொண்டு வராதே” என்று அதட்டி உட்கார வைத்தேன். வகுப்புச் சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அதன்பின் அவன் என் வகுப்பிலே கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. இரண்டு ஆண்டுகளில் பாடசாலையை விட்டுத் தொழிலுக்குப் போய்விட்டான்.

அந்தப் பையன் சொன்னதில் எவ்வளவு புவியியல் இருந்தது என்பதை நான் விளங்கிக்கொண்டது பல ஆண்டுகளுக்குப் பின்னரே. வடமராட்சியின் கடல் வடக்கே விரிந்து கிடப்பது. தென்மேற்கிலிருந்து வருங் காற்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் தரையைக் கடந்து வந்து அக்கடலிலே விழுகிறது. தரை மறைப்பதால் கரையோரக் கடல் அடங்கியிருக்கும். வடகீழ்ப் பருவக்காற்றோ, அதாவது வாடையோ, திறந்த கடலின் மேலாக நேரே வந்து மோதும். அப்போது கடல் கொந்தளிக்கும். மேற்குக் கரையிலே நிலைமை மறுவளம். அங்கே சோழக காலத்திலேதான் கடல் குழம்பும். நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களின் தொழிலாளர் அந்த மாதங்களில் முல்லைத்தீவு, கொக்கிளாய்ப் பக்கம் வந்து வாடி அமைத்துத் தொழில் செய்யும் வழக்கம் ஏற்பட்டதும் இதனாலேயே. காற்றின் திசை, கரையின் அமைப்பு, மனிதரின் தொழில், அவர்களின் இடப்பெயர்வு ஆகிய நான்கையும் ஒரு பதினான்கு வயதுப் பையன் ஒரே சொல்லிலே கட்டிக் கொண்டு வந்திருந்தான். நான் அதற்குச் சுழியம் கொடுத்தேன்.

நெடுநாள் கழித்து ஒரு கலியாண வீட்டிலே அவனைச் சந்தித்தேன். நரைத்துப் போயிருந்தான். அந்தக் கதையை அவனே எடுத்துச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புத்தகத்துக் காற்றும் ஊர்க் காற்றும் ஒன்றே என்பதை உணர்ந்தவர் நம்மிடையே இல்லாமலும் இல்லை. க. குணராசா (1941–2016) புவியியற் பட்டதாரி; தமிழில் மாணவருக்கான புவியியல் நூல்கள் பல எழுதியவர். அவரே செங்கை ஆழியான் என்ற பெயரில் நெடுந்தீவுக் கடற்றொழிலாளரைப் பற்றி எழுதிய நாவலுக்கு ‘வாடைக்காற்று’ என்று பெயரிட்டார். அது 1978 இல் திரைப்படமாகவும் வெளிவந்தது.

உங்கள் வீட்டு வாசலிலே

சகோதரி, தாங்கள் மட்டக்களப்பிலே இருக்கிறீர்கள். யூன், யூலை மாதங்களில் அங்கே கச்சான் காற்று வீசும், உடம்பை உலர்த்தும், காயப்போட்ட துணி கணப்பொழுதிற் காய்ந்துவிடும். அதே நாளில் கொழும்பிலே உள்ள உறவினரோடு தொலைபேசியிற் பேசினால், “இங்கே ஒரே மழை” என்பார்கள். ஒரே தீவு, ஒரே நாள், ஒரே காற்று. இங்கே வெயில், அங்கே மழை. ஏன்?

தென்மேற்கிலிருந்து வருங் காற்றுக் கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. தீவின் நடுவே மத்திய மலைநாடு தடுத்து நிற்கிறது. அதன் உச்சியாகிய பேதுருதாலகாலை மலை 2,524 மீற்றர் உயரம். காற்று மலைச்சரிவிலே மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் ஈரத்தைத் தாங்க முடியாமையால் மேற்குச் சரிவிலே மழை கொட்டுகிறது. மேற்குச் சரிவிலுள்ள வட்டவளைப் பகுதியில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஈரத்தை இழந்த காற்று மலையைக் கடந்து கிழக்கே இறங்குகிறது. இறங்குங் காற்று ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ 1 பாகை செல்சியசு வீதம் வெப்பமடையும். ஊவாவைக் கடந்து மட்டக்களப்பை அடையும்போது அது வரண்டு, சூடேறி, கச்சானாகிவிடுகிறது. கொழும்பிலே குடை பிடிக்க வைத்த காற்றும் உங்களை விசிறி தேட வைத்த காற்றும் வேறல்ல.

வருட முடிவிலே நிலைமை மாறுகிறது. வாடை வங்காள விரிகுடாவின் ஈரத்தோடு வந்து கிழக்கிலும் வடக்கிலும் பொழிகிறது. உங்கள் பகுதியிற் பெரும்போக நெல் விளைவது அந்த மழையிலே. மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிலே கலக்கிறது. களனி கங்கை மேற்கே ஓடுகிறது. வளவை கங்கை தெற்கே ஓடுகிறது. சக்கரத்தின் குடத்திலிருந்து ஆரக்கால்கள் புறப்படுவதுபோல, நடுமலையிலிருந்து ஆறுகள் எல்லாத் திசையும் செல்கின்றன. இதை ஒருமுறை விளங்கிக்கொண்ட பிள்ளை ஆறுகளின் பெயரை மனனஞ் செய்யவேண்டியதில்லை. மலை எங்கே என்று தெரிந்தால் ஆறு எப்பக்கம் ஓடும் என்று தானே சொல்லிவிடும்.

கிணற்றுக்குள் ஒரு பாடம்

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு வேறோர் உதாரணம். குடாநாட்டிலே மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை. மலையும் இல்லை. ஆயினும் நூற்றாண்டுகளாகப் புகையிலை, வெங்காயம், மிளகாய் விளைகின்றன. தண்ணீர் எங்கிருந்து வந்தது? நிலத்தின் கீழே உள்ள சுண்ணாம்புக்கல்லிலிருந்து. மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கித் தங்குகிறது. ஆனால் அதன் கீழே, நாற்புறத்துக் கடலிலிருந்தும் உவர்நீர் புகுந்து நிற்கிறது. நன்னீர் இலேசானது, கடல்நீர் அதனிலும் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு பாரமானது. ஆகவே நன்னீர் உவர்நீரின் மேலே ஒரு வில்லையைப் போல மிதக்கிறது.

இவ்விரண்டின் பார வித்தியாசத்திலிருந்து ஒரு கணக்குப் பிறக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் உயரம் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். இது மகிழ்ச்சியான செய்தி. அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்து அந்த மேல்மட்டத்தை 1 அடி தாழ்த்தினால், கீழேயிருந்து உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலே ஏறி வரும். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் இருப்பதை அளந்து கண்டிருக்கிறார்கள். வில்லையின் அடியை அங்கே நேரிலே காணலாம்.

துலா மிதித்து இறைத்த காலத்திலே மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாய் இருந்தது. நீர் இறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை. அன்றியும், தோட்டத்துக்கு இடும் பசளையும் மலகூடக் குழிகளின் கழிவும் அதே சுண்ணாம்புக்கல்லின் வெடிப்பினூடாகவே இறங்குகின்றன. குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு அது தீங்கு. இந்த அறிவு ஒரு வீட்டுத் தலைவிக்கு வேண்டாமா? ஒரு கமக்காரனுக்கு வேண்டாமா?

படம் பார்த்தல்

புவியியல் மாணவருக்கு மிகவும் சலிப்பூட்டுவது இடவிளக்கப் படம். அதன்மேலே வளைந்து வளைந்து செல்லும் சமவுயரக் கோடுகளைக் கண்டதும் பிள்ளைகள் முகஞ் சுளிப்பார்கள். அவர்களுக்கு நான் பிற்காலத்திலே செய்து காட்டிய ஓர் எளிய வித்தை உண்டு. ஒரு பெரிய உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டிப் பலகையிலே கவிழ்த்து வையுங்கள். அதைக் கிடையாக, ஒரே தடிப்புள்ள துண்டுகளாக அரியுங்கள். அடித்துண்டை முதலிலே தாளில் வைத்து ஓரத்தைப் பென்சிலால் வரையுங்கள், அதன்மேல் அடுத்த துண்டு, அதன்மேல் அடுத்தது. தாளிலே வளையத்துக்குள் வளையமாகக் கோடுகள் விழும். கிழங்கின் சரிவு செங்குத்தாய் உள்ள பக்கத்திலே கோடுகள் நெருங்கியும், சாய்வாய் உள்ள பக்கத்திலே விலகியும் இருக்கும். இவ்வளவுதான் சமவுயரக் கோடு. பாடம் முடிந்ததும் கிழங்கைக் கறிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டு நில அளவைத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. முற்காலத்தில் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவுத்திட்டத்திலே படம் வெளியிட்டார்கள். பின்னர் 1:50,000 என்ற மெற்றிக் அளவுத்திட்டம் வந்தது. அப்படத்திலே 2 சென்ரிமீற்றர் என்பது தரையிலே 1 கிலோமீற்றர். உங்கள் வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலே படத்தில் 5 சென்ரிமீற்றர் இருந்தால், பிள்ளை ஒரு வழிக்கு இரண்டரைக் கிலோமீற்றர் நடக்கிறது என்று பொருள்.

நேரக்கணக்கும் இவ்வாறே. பூமி 24 மணித்தியாலத்திலே 360 பாகை சுழல்கிறது. ஆகவே 1 மணித்தியாலத்துக்கு 15 பாகை. நம் நாட்டு நேரம் கிறீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. ரொறொன்ரோவின் குளிர்கால நேரம் கிறீன்விச்சுக்கு 5 மணி பிந்தியது. ஆகவே இங்கே ஞாயிறு காலை 8 மணி என்றால், அங்கே சனிக்கிழமை இரவு ஒன்பதரை. கோடையில் அவர்கள் மணிக்கூட்டை 1 மணி முன்தள்ளுவதால் பத்தரை ஆகிவிடும். பேரப்பிள்ளையை நடுச்சாமத்தில் எழுப்பிவிட்டு வருந்தும் பாட்டிமார் நம்மிடையே எத்தனை பேர்! நெடுங்கோட்டைப் படித்த பேத்தி ஒருத்தி வீட்டிலே இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

பத்து வயதுச் சிறுமி

இதுவரை கூறியன நாளாந்த வாழ்விலே ஏற்படும் பயன்கள். இனிக் கூறப்போவது உயிரோடு தொடர்புடையது.

2004 டிசெம்பர் 26. அன்றைய இலங்கை நேரப்படி காலை ஏழு மணியளவிலே சுமாத்திராவின் கரைக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தது. அலை நம் கிழக்குக் கரையை வந்தடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் சென்றது. இரண்டு மணித்தியாலம் என்பது நீண்ட நேரம். ஆனால் எச்சரிப்பதற்கு ஓர் ஏற்பாடும் அன்று இருக்கவில்லை. கடல் உள்வாங்கிய இடங்களிலே, வெறுந் தரையிலே துள்ளும் மீனைப் பார்க்கச் சிறுவர்கள் ஓடினார்கள். நம் நாட்டிலே மாத்திரம் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் முல்லைத்தீவிலும் அந்நாளை நினைக்காத குடும்பம் இல்லை.

அதே நாளில், தாய்லாந்திலே புக்கெற் தீவின் மைகாவ் கடற்கரையிலே, இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு குடும்பம் உலாவிக் கொண்டிருந்தது. அவர்களின் மகள் தில்லி சிமித் என்ற பத்து வயதுச் சிறுமி. கடல் வழமைக்கு மாறாக நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரண்டு கிழமைக்கு முன்னர்தான் அவளுடைய புவியியல் ஆசிரியர் வகுப்பிலே சுனாமியைப் பற்றிக் கற்பித்து, அதன் அறிகுறிகளையும் காட்டியிருந்தார். அவள் பெற்றோரிடம் கூறினாள். முதலிலே அவர்கள் அதைப் பெரிதாய் எடுக்கவில்லை. சிறுமி விடவில்லை, கத்தினாள். தகப்பனார் காவலாளியிடம் அறிவித்தார், கடற்கரையிலிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ நூறு பேர் தப்பினர். அக்கடற்கரையில் உயிர்ச்சேதம் இல்லை என்று பின்னர் அறிவிக்கப்பட்டது.

அவ்வாசிரியர் அந்தப் பாடத்தை நடத்திய நாளிலே, “இதனால் என்ன பயன்?” என்று யாராவது கேட்டிருந்தால் அவரால் என்ன மறுமொழி கூறியிருக்க முடியும்? பரீட்சைக்கு வரும் என்று கூறியிருப்பார். அவ்வளவே.

மலைநாட்டுக்கும் இதே பாடம் உண்டு. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையிலே பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை, மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. ஆபத்தான இடம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்ததாகச் செய்திகள் கூறின. எச்சரிக்கை இருந்தும் போவதற்கு வேறிடம் இல்லாதவருக்குப் புவியியல் அறிவு மாத்திரம் போதாது. காணியும் வீடும் வேண்டும். இதை மறந்து பேசுவது நேர்மையன்று. ஆயினும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டை அலைக்கழித்த பின்னர், மண்சரிவின் அறிகுறிகளை ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருக்கவேண்டும் என்பதை எவரும் மறுக்கமாட்டார்கள். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு. மரமும் மின்கம்பமும் சாய்தல். முன் இல்லாத இடத்திலே ஊற்றுக் கிளம்புதல், அல்லது இருந்த ஊற்றுத் திடீரென வற்றுதல். தெளிந்த நீர் சேறாய் வருதல். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், மழை விடும் என்று காத்திருக்காமல் வெளியேறவேண்டும். சமவுயரக் கோடுகள் நெருங்கியிருக்கும் இடத்திலேதான் தன் லயன் இருக்கிறது என்று அறிந்த பிள்ளை, மழைநாளில் வெளியே நோக்கும் பார்வையே வேறாயிருக்கும்.

உத்தியோகம் கிடைக்குமா?

தகப்பனாரின் கவலைக்கும் மறுமொழி கூறவேண்டும். புவியியல் படித்தவுடன் உத்தியோகம் வீட்டுக்கு வந்து சேராது. எந்தப் பாடத்துக்கும் அந்த வரம் இல்லை. ஆனால் வழிகள் உண்டு. உயர்தரத்திலே கலைப் பிரிவில் புவியியலை எடுக்கலாம். பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களிலே பட்டப் படிப்பாகத் தொடரலாம். ஆசிரியத் தொழில், நகரத் திட்டமிடல், சுற்றாடல் ஆகிய துறைகளிலே இப்பட்டம் உதவும். 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பெற்ற அனர்த்த முகாமைத்துவ நிலையம் போன்றவற்றின் பணிகளும் இப்பாடத்தோடு நெருங்கியவை. இப்போது கணினியிலே படம் வரைந்து ஆராயும் புவியியல் தகவல் முறைமை என்ற கலை வளர்ந்துவிட்டது. அதில் தேர்ந்தவர்களைப் பல நிறுவனங்களும் தேடுகின்றன.

ஒன்றை மாத்திரம் எச்சரிக்கையாகக் கூறுகிறேன். நில அளவை, வளிமண்டலவியல் போன்ற துறைகளுக்குச் செல்ல விரும்பும் பிள்ளை கணிதத்தைக் கைவிடலாகாது. கணிதத்துக்குப் பயந்து புவியியலுக்கு ஓடி வரும் மாணவரும் உள்ளனர். அவர்கள் அளவுத்திட்டத்திலே மீண்டும் கணிதத்தைச் சந்திப்பார்கள்! தங்கள் புதல்வி எதற்காக இப்பாடத்தை விரும்புகிறாள் என்பதை ஆறுதலாகக் கேட்டுப் பாருங்கள். விருப்பத்தோடு வருகிறாளாயின் தடுக்காதீர்கள். வேறொன்றுக்குப் பயந்து வருகிறாளாயின், அந்தப் பயத்தை முதலில் நீக்குங்கள்.

வீட்டிலே செய்யக்கூடியவை

புவியியலை விரும்பும் மாணவர் எவரும் செலவின்றிச் செய்யக்கூடிய சில பயிற்சிகளைக் கீழே கூறுகிறேன்.

முதலாவது, மழை அளத்தல். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள ஒரு தகரப் பேணியை மரநிழல் படாத வெளியிலே வையுங்கள். தினமும் காலையிலே ஒரே நேரத்தில் உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அடிமட்டத்தால் மில்லிமீற்றரிலே அளந்து கொப்பியில் எழுதுங்கள். 1 சதுர மீற்றர் பரப்பிலே 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1 லீற்றர் நீர். நூறு சதுர மீற்றர்க் கூரையிலே 10 மில்லிமீற்றர் பெய்தால் ஆயிரம் லீற்றர். அவ்வளவும் பீலி இல்லாமல் வீணே ஓடிப் போவதைப் பிள்ளை கணக்கிட்டுச் சொல்லும்போது, தகப்பனார் பீலி போட யோசிப்பார்.

இரண்டாவது, கிணற்றை அளத்தல். ஒரு கயிற்றிலே கல்லைக் கட்டி, கிழமைக்கு ஒருமுறை கிணற்றுக் கட்டிலிருந்து நீர்மட்டம் வரை எத்தனை அடி என்று குறியுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்திலே நிற்கவேண்டும். ஓராண்டு முடிவிலே மழைக் கொப்பியையும் கிணற்றுக் கொப்பியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு பாடம் உங்கள் கையிலே இருக்கும்.

மூன்றாவது, ஊர்ப்படம் வரைதல். உங்கள் காலடி ஒன்று எவ்வளவு தூரம் என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். பின்னர் வீட்டிலிருந்து சந்தி வரை அடிகளை எண்ணி நடந்து, அளவுத்திட்டத்துக்கு ஏற்பப் படம் வரையுங்கள். தலைப்பு, வடதிசை, அளவுத்திட்டம், குறியீட்டு விளக்கம் ஆகிய நான்கும் இல்லாத படத்துக்குப் பரீட்சையிலும் மதிப்பில்லை; வழிகாட்டவும் உதவாது. வர்ணம் தீட்டி அழகு செய்வதிலே நேரத்தைப் போக்கவேண்டாம்.

நான்காவது, முதியோரைக் கேட்டல். சோழகம், வாடை, கொண்டல், கச்சான் என்ற பெயர்கள் எந்தெந்தத் திசைக்கு உரியன, எந்த மாதத்திலே பிறக்கின்றன, அப்போது எந்தத் தொழில் நடைபெற்றது என்று உங்கள் பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் கேட்டு எழுதுங்கள். ஊருக்கு ஊர் சிறிது வேறுபடும். மட்டக்களப்பிலே 1978 நவம்பர் 23 ஆம் நாள் அடித்த சூறாவளியை நேரிலே கண்டோர் இன்றும் இருக்கின்றனர். காற்று முதலிலே எத்திசையிலிருந்து அடித்தது, நடுவிலே ஓய்ந்ததா, பின்பு எத்திசைக்கு மாறியது என்று கேளுங்கள். சூறாவளியின் கண் என்பது என்னவென்று அவர்கள் வாயிலாகவே விளங்கும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மாணவன் ஒருவன் விடைத்தாளிலே ஊர்ப் பெயரை எழுதினால், சிவப்பு மையை எடுக்குமுன் அவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள். புத்தகத்துச் சொல்லையும் அவனுக்குக் கற்றுக் கொடுக்கத்தான் வேண்டும். பரீட்சைக்கு அது தேவை. ஆனால் அவன் கொண்டு வந்த சொல்லை வாசலிலே நிறுத்திவிட்டு அதைச் செய்யவேண்டாம்.

சகோதரி, தங்கள் கடிதத்துக்குரிய மறுமொழி இவ்வளவுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை பகற் சாப்பாடு முடிந்தபின் தகப்பனும் மகளும் ஒரு தேசப்படத்தை நடுவே வைத்துக்கொண்டு உட்காரட்டும். “கொழும்பிலே மழை பெய்யும்போது நமக்கு ஏன் கச்சான் அடிக்கிறது?” என்று அவர் கேட்கட்டும், அவள் விளங்கப்படுத்தட்டும். முதன்முறையிலே தடுமாறினாலும் பரவாயில்லை. தகப்பனாருக்கு விளங்கும்படி அவள் சொல்லிவிட்டாளாயின், விண்ணப்பப் பத்திரத்திலே எந்தப் பாடத்தை எழுதுவது என்பதை இருவருமாகத் தீர்மானித்துக்கொள்வார்கள். முடிவு எதுவாயினும் எனக்கு எழுதுங்கள். உங்கள் மகள் மழைக் கொப்பியைத் தொடங்கினால் அதன் முதற் பக்கத்தையும் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள்.